உள்ளே விட்ட துணி

முசே என் கடைக்குள் வரும்போது முதலில் காதுதான் உள்ளே வரும். நிலைப்படியில் ஒரு கையை ஊன்றி, தலையைச் சாய்த்து, உள்ளே என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் அது நிற்கும்வரை வாசலிலேயே நிற்பார். மழையில் நனைந்துகொண்டு நின்றதும் உண்டு. "உள்ள வாங்க முசே, சட்டை நனையுது" என்று நான் கத்தினால், முடியட்டும் முடியட்டும் என்று கையைக் காட்டுவார். எண்ணெய் விடாத அந்தக் கிழட்டு மிஷினில் கேட்பதற்கு என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. நீளமான பிரெஞ்சுப் பெயர். எங்கள் காஜா பெராங் தெருவில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. முதல் சில மாதம் 'பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு ஒருநாள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த பாய், வெங்காயம் நிறுத்துக்கொண்டே, "வாங்க முசே" என்று கூப்பிட்டுவிட்டார். பாய் பிறந்தது காரைக்கால். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் என்பதால் ஐயாவுக்கு முசே, அம்மாவுக்கு மதாம் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மலாக்காவில் கைலி கட்டிய ஒரு மளிகைக் கடைக்காரர் வாயிலிருந்து தன் ஊர்ச் சொல்லைக் கேட்டதும் அந்த மனிதர் வெங்காயப் பையைக் கீழே வைத்துவிட்டு பாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாராம். அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் முசே. அவரும் விட்டுவைக்கவில்லை. என்னை முசே சூசை என்றார், பாயை முசே பாய் என்றார். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மீனாட்சி அக்காவை மதாம் என்று அழைத்தபோது அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது.

அவர் பேசியது பாதி பசார் மலாய் என்கிற சந்தைப் பேச்சு, கால் ஆங்கிலம், மிச்சம் பாயிடம் பொறுக்கிய காரைக்கால் தமிழ். இங்கே நான் அதைச் சீராக்கித்தான் எழுதுகிறேன். அப்படியே எழுதினால் அச்சுக் கோர்ப்பவர் என்னை அடிக்க வருவார்.

காலையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். வியாழனும் சனியும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கொயர், அதாவது பாட்டுக் குழு, நடத்தினார். பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாதா என்று யாரோ கேட்டதற்கு, "பிள்ளைகளைச் சும்மா விட்டாலே பாடுவார்கள். பெரியவர்கள் வாயைத்தான் யாரோ மூடி வைத்திருக்கிறார்கள்" என்றார். வேதக்காரர், கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் எல்லோரும் வரலாம். ஆறரைக்கு முடிந்துவிடும். பாய் மஃரிப் தொழுகைக்குப் போக வேண்டும் என்பதற்காக வைத்த நேரம் அது. பாட்டு நடுவில் அந்தரத்தில் நின்றாலும் ஆறரைக்கு ஹார்மோனியத்தை மூடிவிடுவார்.

என்னை அவர் பிடித்தது என் கடையிலேயேதான். வாடிக்கையாளருக்கு நான் அளவெடுத்துச் சொல்லச் சொல்ல என் மனைவி அற்புதம் நோட்டில் எழுதுவாள். "மார்பு முப்பத்தெட்டு. இடுப்பு முப்பத்திரண்டு. தோள் பதினேழரை." மிஷின் சத்தத்தையும் ரோட்டுச் சத்தத்தையும் தாண்டி அவள் காதில் விழ வேண்டும் என்பதால் நீட்டி முழக்கித்தான் சொல்வேன். ஒருநாள் நான் நிமிர்ந்து பார்க்கிறேன், முசே சட்டைப் பையிலிருந்து சுரம் பார்க்கிற ஒரு சின்ன இரும்புக் கவையை எடுத்து முழங்காலில் தட்டிக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றார்.

"என்னத்த முசே?"

"முப்பத்தெட்டு."

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். "ஃபா. போன வாரமும் ஃபா. அதற்கு முந்தின வாரமும். நீங்கள் அசையவே மாட்டேன் என்கிறீர்கள்."

ஃபா என்பது ஒரு சுரத்தின் பெயர் என்று அப்போது தெரியாததால், ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். "நல்ல ஃபா. என் கொயருக்கு இது வேண்டும்" என்றார். பித்தளைக் குண்டூசியை வாயில் வைத்திருந்த அற்புதம் அதை விழுங்காமல் தப்பியது அந்தோணியார் புண்ணியம். அவள் ஏற்கெனவே கொயரில் இருந்தாள். குரல் என்றால் அது குரல். நான் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அதுவும் அவர் குணம்தான்.

காரணத்தை நானே சொல்ல நேர்ந்தது, அவருடைய கால்சட்டையால்.

மலாக்காவுக்கு வந்தபோது முசே ஒடிந்து விழுகிற மாதிரி இருந்தார். மீனாட்சி அக்காவின் நாசி லெமாக் ஒரு வருஷத்தில் அவரைத் தேற்றிவிட்டது. அக்கா, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளின் கம்போங்கைச் சேர்ந்தவர். பெயர் மீனாட்சி, கும்பிடுவது மாரியம்மனை, பேச்சு மட்டும் மலாய். கேட்டால் நாலு தமிழ்ச் சொல் சொல்வார். காலையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு "நாசீ... லெமாக்" என்று கூவிக்கொண்டு வருவார். முதல் சொல்லை மேலே ஏற்றி, இரண்டாவதை மாடிப்படியிலிருந்து உருட்டிவிடுகிற மாதிரி இறக்குவார். முசே தினமும் இரண்டு பொட்டலம் வாங்கினார். ஒன்று சாப்பாட்டுக்கு, இன்னொன்று அக்காவை மறுபடி கூவ வைப்பதற்கு என்று நான் கேலி செய்வேன்.

கடைசியில் அவருடைய ஒரே நல்ல கால்சட்டை பொத்தான் போட மறுத்தது. கறுப்புக் கம்பளித் துணி. அவர் ஊரில், பெரிய வேதக்கோயிலில் கொயர் நடத்திய காலத்தில் தைத்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு, ஏதோ சவ ஊர்வலத்தில் வருகிற மாதிரி என் கடைக்கு வந்தார். நான் இடுப்புப் பட்டியைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலத் துணி மடங்கிக் கிடந்தது.

"கவலைப்படாதீங்க. தைச்சவன் நல்ல தையல்காரன். உள்ளே துணி விட்டிருக்கான்."

"நான் பருத்துப்போவேன் என்று அவருக்குத் தெரியுமா?"

"அது எப்படித் தெரியும்? மனுசன் உடம்பு அப்படியே இருக்காதுன்னு தெரியும். அது போதும்."

அந்தப் பட்டியை வெளியே புரட்டுவதும் உள்ளே தள்ளுவதுமாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து மறுபக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் மூஞ்சியைப் பார்க்காமல் பேச முடிந்ததால்தானோ என்னவோ, சொல்லிவிட்டேன். கித்தா தோட்டத்து, அதாவது ரப்பர் தோட்டத்து, சிற்றாலயத்தில், எனக்குப் பத்து வயசு இருக்கும்போது, கிறிஸ்மஸ் பாட்டுக்கு வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். உபதேசியார் என் பக்கத்தில் வந்து குனிந்து, "சூசை, நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேணாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் பூசையில் நான் வாயை மட்டுமே அசைத்தேன். என் கல்யாணப் பூசையிலும் அப்படித்தான். கல்யாணமான மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அற்புதம் கண்டுபிடித்து, வீட்டுக்கு வரும்வரை ஒன்றும் பேசாமல், வீட்டுக்கு வந்து என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

முசே ஆறுதல் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பட்டியைக் கையிலிருந்து விட்டுவிட்டு, "நானும் சொல்லியிருக்கிறேன்" என்றார்.

"என்ன?"

"இதே வார்த்தையை. என் ஊரில் ஒரு ரொட்டிக்கடைக்காரர். குரல் சரியில்லை என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. அந்தக் கொயருக்குப் பரிசெல்லாம் கிடைத்தது. அவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்து வாயை அசைத்தார். பிறகு சண்டை வந்தது, அவர் பட்டாளத்தில் போனார், திரும்பவில்லை. அவர் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை."

அந்த வியாழக்கிழமை நான் கொயருக்குப் போனேன்.

அங்கே போனபிறகுதான் இந்த மனிதர் என் தொழில்காரர் என்று புரிந்தது. என்னிடம் இருந்த மாதிரியே அவரிடமும் ஒரு அளவு நோட்டு இருந்தது. பதினெட்டுப் பேருக்குப் பதினெட்டுப் பக்கம். குரல் எதுவரை ஏறும், எதுவரை இறங்கும், எந்த இடத்தில் கீறும், ஒரு மூச்சுக்கு எத்தனை எண்ணிக்கை, வெற்றிலை போட்டால் எப்படி, போடாவிட்டால் எப்படி. இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் பாட்டு எழுத உட்காருவார். மற்ற கொயர்களில் பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு அதற்குக் குரல் தேடுவார்கள். இவர் ஆளை நிறுத்தி வைத்து ஆளுக்குப் பாட்டு வெட்டினார்.

பாய்க்கு அடியெடுத்துப் பாடும்போது வரிக்கடைசியில் குரல் நடுங்கும். மூக்கிலிருந்து கிளம்பி உதறிக்கொண்டு போகும். முசே அந்த உதறலைக் கொண்டுபோய் ஒவ்வொரு அடியின் முடிவிலும் வைத்தார், சேலைக்கு முந்தானை வைக்கிற மாதிரி. மீனாட்சி அக்காவின் படியுருட்டல் பாட்டின் நடுவில் மூன்று இடத்தில் வரும். எனக்கு ஃபா. முழுப் பாட்டுக்கும் அந்த ஒரே சுரம்தான். எல்லோரும் மேலே ஏறி இறங்கிக்கொண்டிருக்க நான் அடியில் முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு என்று நின்றுகொண்டிருப்பேன். முதல் தடவை பதினெட்டுப் பேரும் சேர்ந்து பாடி, என் சத்தமும் அதில் ஒன்றாகக் காதில் விழுந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதேன். பாய் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வெங்காயமா?" என்று கேட்டார்.

ஒருமுறை கப்பலில் வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் முசேயைத் தேடி வந்தார். நல்ல சூட்டு, ஒட்டவைத்தாற்போல் மீசை. எங்கள் பயிற்சியைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். முசே எழுதிய பாட்டுகள் அங்கே அச்சில் வந்தவை, பெரிய பெரிய வேதக்கோயில்களில் பாடப்பட்டவை என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முசே அதற்கு முன் சைகோனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார், அங்கே சண்டை முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டார் என்றும் சொன்னார். "இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் ஆங்கிலத்தில், எங்களுக்கும் புரியட்டும் என்பதுபோலக் கேட்டார். முசே மலாயில், எங்களுக்குத்தான் புரியட்டும் என்பதுபோலப் பதில் சொன்னார். "அங்கே எழுதிவிட்டு ஆள் தேடினேன். இங்கே ஆள் முதலில் கிடைத்தது." அந்த மீசைக்காரருக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்படி நாங்கள் பாட்டுக்குச் சுகமாக இருந்த நேரத்தில்தான் மெர்டேக்கா என்கிற சுதந்திர நாள் நெருங்கியது. ஊரெல்லாம் கொடி, தோரணம். கடலோரத் திடலில் மேடை போட்டு ஒவ்வொரு இனத்தாரும் ஒரு பாட்டோ ஆட்டமோ நடத்த வேண்டும் என்று ஏற்பாடு. தமிழர் பக்கத்துக்கு எங்கள் கொயர் என்று முடிவானது. பாய் வார்த்தை எழுதினார். இந்த மண்ணில் யார் நட்டார்களோ, வேர் பிடித்துவிட்டோம், இனிப் பூக்க வேண்டியதுதான் என்று போகும். அக்காவுக்கு ஒவ்வொரு வரிக்கும் மலாயில் அர்த்தம் சொன்னோம். வேர் பிடித்த வரி வந்தபோது அக்கா, "நாங்க ரொம்ப நாளா இங்கதானே லா இருக்கோம்" என்று மலாயில் சொல்லிவிட்டு, எங்களை எல்லாம் நேற்று வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். முசே இரண்டு வாரம் உட்கார்ந்து பதினெட்டுக் குரலுக்கும் அளவாக அந்தப் பாட்டை வெட்டித் தைத்தார்.

கெட்டது என் கடையில் ஆரம்பித்தது. விழாக் குழுவில் இருந்த ஒரு தலைமைக் குமாஸ்தா, அன்றைக்குப் போட சூட்டு தைக்கக் கொடுத்திருந்தார். அளவு பார்க்க வந்தவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "சூசை, இந்தக் கூட்டத்தை வச்சிக்கிட்டா மேடை ஏறப் போறீங்க? நான் சனிக்கிழமை வெளிய நின்னு கேட்டேன். ஒருத்தர் நடுங்குறாரு, ஒரு அம்மா நாசி லெமாக் விக்கிறாங்க, நீங்க ஒரே இடத்துல நிக்கிறீங்க. பெரிய பெரிய ஆளுங்க வருவாங்கயா. அந்த வெள்ளைக்காரர் மானம் கப்பலேறிடும்" என்றார்.

அவர் மானம் என்றது எனக்குப் பொறுக்கவில்லை. என் மானம் போனால் போகட்டும், அது இருபத்திரண்டு வருஷமாக வாயசைத்த மானம். அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு புக்கிட் பாருவில் பஜனைக்கு ஹார்மோனியம் வாசிக்கிற ஒருவரைப் போய்ப் பார்த்தேன். "ஒரு சுரத்துல நிக்கிறேன் அண்ணே, நாலு சுரமாவது ஏறணும்." ஐந்து வாரம், செவ்வாயும் ஞாயிறும், அற்புதத்திடம் நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வந்தேன். வீட்டில் நூல்கண்டு குவிந்தது. நான் ஃபாவிலிருந்து நான்கு படி ஏறக் கற்றுக்கொண்டேன். வழுக்கி வழுக்கித்தான், ஆனாலும் ஏறினேன்.

எனக்குத் தெரியாதது என்னவென்றால், அந்தக் குமாஸ்தா பாய் கடையில் சாமான் வாங்குகிறவர், அக்காவிடம் நாசி லெமாக் வாங்குகிறவர். அங்கேயும் இதையே சொல்லியிருக்கிறார். அவர்களும் என்னைப் போலவே பயிற்சியில் பழையபடி பாடிக்கொண்டு, கற்ற புதுசைக் கடைசிக்கு என்று ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கடைசிக்கு முந்தின பயிற்சி. முசே கறுப்புக் கால்சட்டையில் வந்திருந்தார். கையைத் தூக்கினார். பாய் முதல் அடியைப் பாடினார். முடிவில் உதறல் இல்லை. கம்பி மாதிரி நேராக நின்றது குரல். தினமும் விடியற்காலை வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு பழகியிருக்கிறார் மனிதர். அந்த உதறலின் மேல் ஏறிக்கொள்ள வேண்டிய பெண்கள் ஏற இடமில்லாமல் தடுமாறினார்கள். அக்கா தன் இடம் வந்ததும் படியில் உருட்டாமல், பதமாக, தட்டில் வைத்துக் கொடுக்கிற மாதிரி இறக்கினார். நான் என் பங்குக்கு ஃபாவைத் தேடினேன். அது அங்கே இல்லை. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று துழாவினேன். ஐந்து வாரத்தில் நாலு சுரம் கற்றுக்கொண்டு என்னிடம் இருந்த ஒன்றைத் தொலைத்திருந்தேன். என் காலடி போனதும் பதினெட்டுப் பேரும் ஆளுக்கொரு திசையில் போய், பாட்டு சரிந்து விழுந்தது.

முசே கையை இறக்கினார். யாரையும் பார்க்கவில்லை. ஹார்மோனியத்தை மூடிவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஐந்து நிமிஷம் மாதிரி ஒன்றை நான் அனுபவித்ததில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "பாய், உங்க உதறல் எங்க?" என்று நான் கேட்டேன். "தம்பி, உன் முப்பத்தெட்டு எங்க?" என்று அவர் கேட்டார். அக்கா முகத்தை மூடிக்கொண்டு "மாலு லா, மாலு லா" என்று வெட்கத்தில் தலையை ஆட்டினார். அற்புதம் மட்டும் என்னைப் பார்த்து, "நூல் வாங்கப் போனீங்களா?" என்றாள். அவளிடம் மறைத்தது எனக்குப் பாட்டு கெட்டதைவிட அதிகமாகச் சுட்டது.

முசே திரும்பி வந்தபோது கையில் அளவு நோட்டு இருந்தது.

"எல்லோரும் மாறிவிட்டீர்கள். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை."

அக்காதான் பேசினார், மலாயில். "முசே, உங்களுக்கு மானக்கேடு வரக் கூடாதுன்னுதான் நாங்க..."

"என் மானம் என் பாடு, மதாம்." குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். பிறகு கவையை எடுத்து முழங்காலில் தட்டினார். "சரி. ஒவ்வொருவராக வாருங்கள். முதலிலிருந்து அளவெடுக்க வேண்டும்."

"முசே, அஞ்சு நாள்தான் இருக்கு. பழையபடியே பாடிடுறோம்" என்றார் பாய்.

"பழையபடி எப்படிப் பாடுவீர்கள்? கற்றுக்கொண்டதை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்?"

அன்று ஆறரைக்கு பாய் தொழப் போய்விட்டு மறுபடி வந்தார். அளவெடுத்து முடியும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த மூன்று நாள் முசே பள்ளிக்கூட மண்டபத்தை விட்டு நகரவில்லை. முழுப் பாட்டையும் பிரித்துப்போட்டு மறுபடி எழுதினார். பதினெட்டுத் தாள். அவர் கோடு போட்டுப் புள்ளி வைப்பார், எங்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புள்ளி படிக்கத் தெரியாது என்பதால் அற்புதம் ஒவ்வொரு புள்ளிக்குக் கீழேயும் டோ, ரே, மி என்று தமிழில் எழுதிக் கொடுப்பாள். அக்காவுக்கு மட்டும் மலாய் எழுதுகிற ஆங்கில எழுத்து. அற்புதம் முடித்த பிறகு முசே தாள்களை வாங்கி இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு எங்களிடம் கொடுத்தார். எனக்கு இப்போது ஃபாவில் தொடங்கி நான்கு படி ஏற்றம் இருந்தது. பாட்டின் உச்சியில், கடைசி வரியில். ஒன்று கூடுதலாக வைத்தும் இரண்டே பயிற்சி. ஒன்றில் ஏறினேன், ஒன்றில் வழுக்கினேன். முசே இரண்டுக்கும் ஒரே மாதிரித் தலையாட்டினார்.

விழா அன்று சாயங்காலம் கடற்காற்று அடித்தது. திடல் நிறைய ஆள். அத்தனை தலைகளை ஒன்றாக நான் பார்த்ததே இல்லை. முன்வரிசையில் நான் தைத்த சூட்டில் குமாஸ்தா. தோள் நன்றாக உட்கார்ந்திருந்தது, அதையும் கவனித்தேன். முசே கையைத் தூக்கினார், பாட்டு கிளம்பியது. பாயின் நேர்க்குரல் நேராகவே போனது. அக்கா இறக்கினார். அற்புதம் மேலே மேலே போனாள். கடைசி வரி வந்தது. நான் ஏற வேண்டிய இடம்.

புக்கிட் பாரு ஹார்மோனியம், நாலு படி, ஐந்து வாரம், ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. பக்கத்தில் உபதேசியார் குனிந்து நிற்கிற மாதிரியே இருந்தது. வாயை மட்டும் அசைத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு ஓடியது. சத்தியமாக ஓடியது. அப்போது முசே என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். வந்தது என் பழைய ஃபா. மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்திரண்டு. கடையில் நிற்கிற மாதிரி நீட்டி முழக்கி, நின்ற இடத்திலேயே நின்றேன்.

தொலைந்தது என்று நினைத்தேன். ஆனால் பாட்டு விழவில்லை. எல்லோரும் என் மேல் கால் வைத்து ஏறிப்போனார்கள். முசே இடது கையை என் பக்கம் விரித்துப் பிடித்திருந்தார், அப்படியே நில்லுங்கள் என்று. திடல் கை தட்டியது. மேடையிலிருந்து இறங்கும்போது குமாஸ்தா கடைசி வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கர்த்தர் என் தப்பை மூடிவிட்டார் என்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் தாள்களை எல்லாம் சேகரித்துப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொடுக்க அற்புதம் அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் புள்ளி படிக்கக் கற்றிருந்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. இதுக்குக் கீழே நான் எழுத்துப் போடலையே."

என் தாளின் கடைசி வரி. மையில் நான்கு படி ஏறுகிற புள்ளிகள், அவற்றின் கீழே அவளுடைய எழுத்து. அந்தப் புள்ளிகளுக்கு அடியில் பென்சிலால், லேசாக, இன்னொரு புள்ளி. நீளமாக இழுத்துப் பிடிக்க வேண்டிய ஒரே புள்ளி.

"என்னது இது?"

"ஃபா" என்றாள்.

நான் ஏறினாலும் சரி, ஏறாவிட்டாலும் சரி. எதுவாக இருந்தாலும் பாட்டு நிற்கிற மாதிரி எழுதியிருந்தார். எனக்காக மட்டும் என்று நினைத்து நெஞ்சு விம்மியது. அற்புதம் மற்றத் தாள்களைப் புரட்டினாள். பாயின் தாளில் ஒவ்வொரு அடியின் முடிவிலும் பென்சிலில் ஒரு சுழி. அக்காவின் தாளில், சம்பல் கறைக்குப் பக்கத்தில், பென்சில் புள்ளிகள் படியிறங்கிப் போயின. பதினெட்டுத் தாளிலும் பென்சில் இருந்தது. எனக்காக மட்டும் எழுதியதில்லை என்று கொஞ்சம் மனச்சுணக்கமாக இருந்தது. அந்தச் சுணக்கம் ஒரு கோப்பி குடித்து முடிக்கும்வரைகூட நிற்கவில்லை.

முசே அதற்குப் பிறகும் நான்கு வருஷம் எங்களோடு இருந்தார். பிறகு வேறு தேசத்துக்குப் போனார், அங்கேயும் ஆட்களைப் பிடித்திருப்பார். கிறிஸ்மஸுக்குக் கார்டு வரும், அதில் எங்கள் எல்லோருடைய குரலையும் விசாரித்திருப்பார், உடம்பை விசாரிக்க மாட்டார். நான் இப்போது பூசையில் சத்தமாகத்தான் பாடுகிறேன். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்கிறார்கள், அது அவர்கள் பாடு.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது விழா முடிந்த அடுத்த திங்கட்கிழமைதான். நிலைப்படியில் கையை ஊன்றி, மிஷின் நிற்கும்வரை நின்றுவிட்டு, உள்ளே வந்தார். கறுப்புக் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஐந்து நாள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் எழுதியதில் மனிதர் பாதியாகியிருந்தார்.

"மறுபடி பிடிக்க வேண்டும், முசே சூசை."

நான் மண்டியிட்டு இடுப்பைப் பிடித்துக் குண்டூசி குத்தினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "முசே, அந்தப் பென்சிலைப் பத்தி ஏன் எங்ககிட்டச் சொல்லல? சொல்லியிருந்தா நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்."

அவர் குனிந்து, இடுப்புப் பட்டியை வெளியே புரட்டி, உள்ளே மடங்கிக் கிடந்த துணியை எனக்குக் காட்டினார்.

"இதை நீங்கள் வெளியே தெரிய வைத்துத் தைப்பீர்களா?"

வாயில் குண்டூசி இருந்தது. பட்டியை உள்ளே மடித்து, துணியில் ஒரு நூல்கூட வெட்டாமல், டேப்பைச் சுற்றிப் பிடித்தேன். குண்டூசியை எடுத்துவிட்டு, "அற்புதம், எழுது. இடுப்பு முப்பத்தொண்ணு" என்று சொன்னேன். முசே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஃபாதானா என்று பார்க்க அவர் கவையை எடுக்கவில்லை.